'மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2002இல் வந்த இந்த ஆங்கிலப் படத்தைப் பற்றி எப்போது பேச்செடுத்தாலும் அதே பத்து, பதினைந்து கேள்விகள் வந்துவிடுகின்றன. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். கதையின் முடிவு உட்பட எல்லாம் இதில் இருக்கிறது. கல்யாணப் படத்தில் கல்யாணம் நடக்கும் என்பதை மறைத்து வைக்க ஒன்றுமில்லை.

படம் பார்க்கவில்லை. கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சிகாகோவில் ஒரு கிரேக்கக் குடும்பம். 'டான்சிங் ஸோர்பாஸ்' என்று ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்கள். மகள் டூலாவுக்கு முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, அப்பாவின் கடையிலேயே வேலை. ஒரு நாள் துணிந்து கல்லூரியில் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்கிறாள், கண்ணாடியைக் கழற்றி லென்ஸ் போடுகிறாள், அத்தையின் பயண ஏஜென்சிக்கு வேலைக்குப் போகிறாள். அங்கே இயன் மில்லர் என்ற பள்ளி ஆசிரியரைச் சந்திக்கிறாள். அவன் கிரேக்கன் இல்லை. போதாததற்குச் சைவம். அப்பா கஸ் தாம்தூம் என்று குதிக்கிறார். கடைசியில் இயன் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையில் ஞானஸ்நானம் வாங்கி, அந்தக் குடும்பத்துக்கே மருமகனாகிறான். அவ்வளவுதான். வில்லன் கிடையாது. ஓடிப்போவது, தற்கொலை மிரட்டல், இடைவேளைத் திருப்பம் எதுவும் இல்லை. படமே ஒன்றரை மணி நேரம்தான்.

குறைந்த பட்ஜெட் என்கிறார்கள். எவ்வளவு?

சுமார் 50 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 24 கோடி ரூபாய். "இதுவா குறைந்த பட்ஜெட்?" என்று நம் ஊரில் சிரிப்பார்கள். ஆனால் அந்தக் காலத்தில் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோ ஒன்று சராசரியாக ஒரு படத்துக்குச் செலவழித்தது ஏறத்தாழ 6 கோடி டாலர். அதில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்குதான் இது. கோல்ட் சர்க்கிள் என்ற சின்ன நிறுவனமும் ஹெச்.பி.ஓ.வும் ஹாலிவுட் நடிகர் டாம் ஹாங்க்ஸின் பிளேடோன் நிறுவனமும் சேர்ந்து எடுத்தார்கள்.

நியா வர்தலோஸ் யார்? இதற்கு முன் நடித்திருக்கிறாரா?

கதாநாயகி, கதை வசனம் எல்லாமே அவர்தான். கனடாவின் வின்னிபெக் நகரில் 1962இல் பிறந்தவர். கிரேக்கக் குடும்பம். டொரன்டோவில் 'செகண்ட் சிட்டி' என்ற புகழ்பெற்ற நகைச்சுவை நாடகக் குழுவின் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்தார். தினமும் நாடகத்தைப் பார்த்துப் பார்த்து மனப்பாடமே ஆகிவிட்டது. ஒரு இரவு நடிகை ஒருவருக்கு உடம்பு சரியில்லை. கவுண்டரிலிருந்த பெண், "எனக்கு முழுக்கத் தெரியும்" என்று மேடையேறிவிட்டார். கேட்டால் சினிமாக் கதை மாதிரி இருக்கும், ஆனால் நடந்தது.

பிறகு சிகாகோ, அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ். அங்கேதான் சிக்கல். கதாநாயகியாக நடிக்க அழகு போதாது, குணச்சித்திர வேடத்துக்குக் குண்டாகவும் இல்லை என்று அவருடைய ஏஜென்டே சொல்லியிருக்கிறார். வாய்ப்பு வராத அந்த நாட்களில்தான் தன் குடும்பத்துக் கதைகளை எழுத ஆரம்பித்தார். அவருடைய கணவர் இயன் கோமஸும் நடிகர். கிரேக்கர் அல்லாத அவர் நியாவைக் கட்டுவதற்காக ஆர்த்தடாக்ஸ் சபையில் சேர்ந்தவர். படத்தின் கதை எங்கிருந்து வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இயன் கோமஸ் படத்திலும் இருக்கிறார், மாப்பிள்ளையின் நண்பராக. நிஜ மாப்பிள்ளை பக்கத்தில் நிற்க, வேறொருவர் மாப்பிள்ளை வேஷம் கட்டியிருப்பதை இரண்டாம் முறை பார்க்கும்போது கவனியுங்கள்.

மேடை நிகழ்ச்சியாக இருந்தது எப்படிப் படமானது?

1997இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சின்ன அரங்கை எடுத்து, நியா தனி ஆளாக நின்று தன் கல்யாணக் கதையைச் சொன்னார். அப்பா, அம்மா, அத்தை, பாட்டி எல்லாரும் அவரே. விளம்பரத்துக்குப் பெரிய காசு இல்லை. கிரேக்கத் தேவாலயங்களில் சொல்லி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வருகிற கூட்டத்துக்கு விஷயம் போய்ச் சேர்ந்தால் போதும், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற கணக்கு. அது பலித்தது. அரங்கு நிறைந்தது.

ஒரு நாள் நடிகை ரீட்டா வில்சன் வந்து உட்கார்ந்தார். அவருடைய அம்மா கிரேக்கப் பெண்மணி. பார்த்துவிட்டு, இது படமாக வேண்டும் என்றார். நியா ஏற்கெனவே திரைக்கதையும் எழுதித் தயாராக வைத்திருந்தார், எடுத்துக் கொடுத்துவிட்டார். ரீட்டாவின் கணவர் டாம் ஹாங்க்ஸ் என்பது இங்கே முக்கியம். அவரும் நிகழ்ச்சியைப் பார்த்தார். ரீட்டா, ஹாங்க்ஸ், ஹாங்க்ஸின் கூட்டாளி கேரி கெட்ஸ்மன் மூவரும் தயாரிப்பாளர்கள் ஆனார்கள். இதை "அதிர்ஷ்டம்" என்று சொல்பவர்கள் உண்டு. கையில் முழுத் திரைக்கதை இல்லாமல் இருந்திருந்தால் அந்த அதிர்ஷ்டம் வாசலோடு திரும்பியிருக்கும் என்பது என் எண்ணம்.

கிரேக்கக் குடும்பத்தை வேறு இனமாக மாற்றச் சொன்னார்கள் என்பது உண்மையா?

உண்மை. ஹாங்க்ஸ் தரப்பு வருவதற்கு முன் வேறு சிலர் கதையை வாங்க வந்தார்கள். கிரேக்கர்கள் என்றால் யாருக்குத் தெரியும், இத்தாலியர் என்று வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் என்று மாற்றலாம், நாயகியாகத் தெரிந்த முகம் ஒன்றைப் போடலாம் என்று யோசனைகள். நியா எல்லாவற்றுக்கும் மாட்டேன் என்றார். வேலை இல்லாத நடிகை ஒருவர், வந்த பணத்தை வேண்டாம் என்று சொல்வது லேசான காரியம் இல்லை.

மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இத்தாலியக் குடும்பம் அமெரிக்கப் படங்களில் ஆயிரம் முறை வந்தாகிவிட்டது. கஸ் அப்பாவுடைய "எந்தச் சொல்லை வேண்டுமானாலும் சொல், அதன் வேர் கிரேக்கம் என்று காட்டுகிறேன்" என்ற சவால் வேறு எந்த இனத்து அப்பாவின் வாயிலும் அப்படி ஒட்டாது. காரில் ஒரு சின்னப் பெண் "அப்படியானால் கிமோனோ?" என்று மடக்குகிறாள். ஜப்பானிய உடை. அவர் ஒரு நொடி திணறிவிட்டு, கிரேக்கத்தில் 'ஹிமோனா' என்றால் குளிர்காலம், குளிர்காலத்தில் என்ன போடுவாய், அங்கி, இதோ கிமோனோ என்கிறார். எல்லாச் சொல்லுக்கும் தமிழில் வேர் காட்டுகிற ஒரு பெரியப்பா நம் குடும்பங்களிலும் உண்டு என்பதால், இந்தக் காட்சி எனக்குச் சிரிப்போடு கொஞ்சம் கூச்சத்தையும் தந்தது.

நாயகன் ஏதோ மதுக்கூடத்தில் கிடைத்தாராமே?

கிட்டத்தட்ட அப்படித்தான். ஜான் கார்பெட் அப்போது டொரன்டோவில் வேறொரு படத்தில் நடித்துக்கொண்டிருந்தார். இந்தத் திரைக்கதையை அவர் படித்திருந்தார், ஆனால் தேதி ஒத்துவரவில்லை என்று விட்டுவிட்டார். ஓட்டல் மதுக்கூடத்தில் நண்பரிடம், "பிரமாதமான ஒரு ஸ்கிரிப்ட் படித்தேன், கிரேக்கப் பெண்ணின் கதை, கைவிட்டுப் போய்விட்டது" என்கிற மாதிரிப் புலம்பிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நியாவும் தயாரிப்புத் தரப்பும். இயன் மில்லர் கிடைத்துவிட்டான்.

நடித்தவர்கள் எல்லாரும் கிரேக்கர்களா?

இல்லை. அப்பா கஸ்ஸாக வரும் மைக்கேல் கான்ஸ்டன்டைன் கிரேக்க வம்சாவளி. அம்மா மரியாவாக வரும் லேனி கசான் யூதர். வூலா அத்தை ஆண்ட்ரியா மார்ட்டின் ஆர்மீனிய வம்சாவளி. டூலாவின் சகோதரன் நிக்காக வரும் லூயிஸ் மாண்டிலோரும் உறவுக்காரப் பெண் நிக்கியாக வரும் ஜியா கரிடஸும் ஆஸ்திரேலியாவில் வளர்ந்த கிரேக்கர்கள். இன்னொரு உறவுக்காரன் ஏஞ்சலோ, 'என்சிங்க்' பாட்டுக் குழுவின் ஜோயி ஃபட்டோன்.

இவர்களில் படத்தைத் தூக்கி நிறுத்துவது ஆண்ட்ரியா மார்ட்டின் என்பேன். இயனைப் பற்றி விசாரிக்கிறார்கள். அவன் இறைச்சி சாப்பிட மாட்டான் என்று டூலா சொன்னதும் வீடே ஸ்தம்பிக்கிறது. அத்தை அதிர்ந்து நின்று, மெல்ல மனதைத் தேற்றிக்கொண்டு, "பரவாயில்லை, ஆட்டுக்கறி சமைக்கிறேன்" என்கிறாள். சைவம் என்று சொன்னவருக்கு "துண்டை எடுத்துட்டேன், குழம்பு மட்டும்தான்" என்று ஊற்றுகிற நம் வீட்டு அத்தைகளைப் பார்த்தவர்களுக்கு உரை தேவையில்லை. சிரிப்பு வரிகளை அவர் சிரிப்பு வரிகளாகச் சொல்வதே இல்லை. முழு அக்கறையோடு சொல்கிறார்.

சிகாகோவில் எடுத்த படமா?

கதை சிகாகோவில். பெரும்பாலும் எடுத்தது டொரன்டோவில். செலவைக் கட்டுப்படுத்த அமெரிக்கப் படங்கள் கனடாவுக்குப் போவது அப்போது வழக்கம். டொரன்டோவின் கிரேக்கப் பகுதியும் அப்போது ரையர்சன் என்ற பெயரிலிருந்த பல்கலைக்கழகமும் படத்தில் வருகின்றன. கஸ்ஸின் வீடு, அந்தத் தூண்கள், சிலைகள் எல்லாம் செட் என்று நினைத்திருந்தேன். ஈஸ்ட் யார்க் பகுதியில் இருக்கும் நிஜ வீடாம் அது, வெளி அலங்காரத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே இருந்ததுதானாம்.

இயக்குநர் யார்? படம் கொஞ்சம் டி.வி. நாடகம் மாதிரி இருக்கிறதே?

இருக்கத்தான் செய்கிறது. ஜோயல் ஸ்விக் தொலைக்காட்சிச் சிரிப்புத் தொடர்களில் ஊறியவர். 1980களின் தொடக்கத்தில் டாம் ஹாங்க்ஸ் தொலைக்காட்சியில் நடித்த 'போசம் படீஸ்' தொடரின் பல அத்தியாயங்களை இயக்கியவர் அவர்தான். கேமரா எதையும் புதிதாகச் செய்வதில்லை. வெளிச்சம் தட்டையாக இருக்கும். ஆனால் ஒரு அறைக்குள் இருபது பேரை நிறுத்தி, யார் எப்போது வாயைத் திறக்க வேண்டும் என்று நேரம் பிசகாமல் நடத்துவது தொலைக்காட்சியில் பழகியவருக்குக் கைவந்த கலை. இந்தப் படத்துக்கு அதுதான் தேவைப்பட்டது.

ஒரு வாரம்கூட முதலிடத்துக்கு வராத படம் இவ்வளவு வசூல் செய்தது எப்படி?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

படம் 2002 ஏப்ரல் 19 அன்று வந்தது. ஐ.எஃப்.சி. ஃபிலிம்ஸ் என்ற விநியோகஸ்தர் போட்டது வெறும் 108 தியேட்டர். முதல் வார இறுதி வசூல் 5,97,362 டாலர். இரண்டு வாரம் கழித்து ஸ்பைடர்மேன் படம் வந்து, முதல் வார இறுதியிலேயே 11 கோடி டாலரைத் தாண்டியது. அப்புறம் ஸ்டார் வார்ஸ் வரிசையில் புதிய படம். இந்த யானைகளின் காலடியில் கிரேக்கக் கல்யாணம் நசுங்கியிருக்க வேண்டும்.

நசுங்கவில்லை. சாதாரணமாக ஒரு படம் வெளியான முதல் வாரம் உச்சத்தில் இருக்கும், பிறகு ஒவ்வொரு வாரமும் முப்பது, நாற்பது, ஐம்பது சதவீதம் சரியும். இது சரியவே மறுத்தது. சில வாரங்களில் முந்தைய வாரத்தைவிடக் கூடுதலாக வசூலித்தது. பார்த்த தியேட்டர்காரர்கள் கேட்டு வாங்கினார்கள். 108 என்பது சில நூறாகி, ஆயிரத்தைத் தாண்டி, உச்சத்தில் 2,016 தியேட்டர். ஏப்ரலில் வந்த படத்தின் மிகப் பெரிய வார இறுதி எது தெரியுமா? ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பர் தொடக்கமும் சேர்ந்த தொழிலாளர் தின விடுமுறை. நான்கு நாளில் ஒன்றரைக் கோடி டாலருக்குக் கொஞ்சம் குறைவு. அப்போதும் இரண்டாமிடம்தான், முதலிடம் 'சைன்ஸ்'.

அமெரிக்கா, கனடா இரண்டும் சேர்ந்து மொத்தம் 24.14 கோடி டாலர். உலகம் முழுக்க ஏறத்தாழ 36.8 கோடி. ஸ்பைடர்மேன் அமெரிக்கா, கனடாவில் அள்ளிய மொத்தத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் முதல் மூன்று நாளிலேயே வந்தது. இந்தப் படத்துக்கு முதல் மூன்று நாளில் வந்தது, மொத்தத்தில் நானூறில் ஒரு பங்கு. அன்றைய சராசரி டிக்கெட் 5.81 டாலர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 4 கோடி டிக்கெட்டுக்கு மேல் விற்றிருக்கிறது. ஒருமுறைகூட முதலிடம் பிடிக்காத படங்களில் அதிக வசூல் என்ற பெருமையைப் பல ஆண்டுகள் வைத்திருந்தது. 2016இல் வந்த 'சிங்' என்ற கார்ட்டூன் படம்தான் அதைத் தாண்டியது. அமெரிக்க வசூலில் காதல் நகைச்சுவைப் படங்களின் முதல் வரிசைக்கு இன்றும் இதைத்தான் சொல்வார்கள்.

நம் ஊரில் பழைய ஆட்கள் 'வாய் வழிப் பேச்சு' என்பார்கள். ஒரு நகரத்தில் நான்கு பெட்டியோடு தொடங்கி, பிறகு பி, சி சென்டர் என்று போய், நூறாவது நாள் போஸ்டர் ஒட்டுகிற அந்தக் காலத்து ஓட்டம். அமெரிக்காவில் அது செத்துப்போயிருந்த நேரத்தில் இந்தப் படம் ஏறத்தாழ ஒரு வருடம் தியேட்டரில் இருந்தது.

இன்னொரு காரணமும் சொல்ல வேண்டும். கோடையில் வந்த பெரிய படங்கள் எல்லாம் பதினாறு வயதுப் பையனைக் குறிவைத்தவை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக ஒரு படமும் இல்லை. இதைப் பார்த்த பெண்கள் அடுத்த வாரம் அம்மாவோடு வந்தார்கள், அம்மா அவளுடைய தங்கையோடு வந்தாள். இந்தக் கூட்டம் வெள்ளிக்கிழமை இரவு வரிசையில் நிற்காது. நேரம் கிடைக்கும்போது வரும். அது வரும்வரை படத்தைத் தூக்காமல் வைத்திருந்தார்களே, அந்தப் பொறுமைக்குத்தான் காசு.

விளம்பரமே இல்லாமல் ஓடியது என்கிறார்களே?

மிகைப்படுத்தல். பெரிய அளவு தொலைக்காட்சி விளம்பரம் தொடக்கத்தில் இல்லை, அவ்வளவுதான். மேடை நிகழ்ச்சிக்குச் செய்ததையே படத்துக்கும் செய்தார்கள். முதலில் கிரேக்கச் சமூகத்திடம் போனார்கள். முதல் சில வாரத்துக் கூட்டம் அவர்கள். அதன்பின் மற்றவர்கள் வந்து, "எங்கள் வீடும் இப்படித்தான்" என்றார்கள்.

விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்?

பெரும்பாலும் நல்ல வார்த்தை. ரோஜர் ஈபர்ட் நான்குக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தார். தொலைக்காட்சித் தொடர் போல இருக்கிறது, பாத்திரங்கள் கேலிச்சித்திரங்கள் என்று குறை சொன்னவர்களும் இருந்தார்கள்.

என் கணக்கில் படத்தின் பலவீனம் வேறு. காதல்தான் பலவீனம். இயன் மில்லர் அநியாயத்துக்கு நல்லவன். குடித்துவிட்டுக் கத்தும் உறவினர் கூட்டம், தவறான கிரேக்க வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்து அவனை எல்லார் முன்னும் அசிங்கமாகப் பேசவைக்கும் மச்சான்கள், எண்ணெய் தடவி நடக்கும் ஞானஸ்நானம் எதற்கும் முகம் சுளிப்பதில்லை. ஒரு தடவையாவது அவன் எரிச்சல்பட்டிருந்தால் நம்பியிருப்பேன். குடும்பத்தோடு மல்லுக்கட்டுவது டூலா மட்டும்தான். அதனால் உண்மையில் இது அப்பா மகள் படம். காதலன் ஒரு சாக்கு.

கிரேக்கர்களுக்குப் படம் பிடித்ததா?

இரண்டு விதமாகவும் இருந்தது. அமெரிக்க கிரேக்கர்கள் பலர் கொண்டாடினார்கள். நாங்கள் இப்படிச் சத்தம் போடுகிறவர்கள் மட்டும்தானா, துப்பித் திருஷ்டி கழிக்கிறவர்கள் மட்டும்தானா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. கிரேக்க நாட்டில் 'காமோஸ் அலா எலினிகா' என்ற பெயரில் வெளியானது. "கிரேக்கப் பாணிக் கல்யாணம்" என்று பொருள். புலம்பெயர்ந்தவர்களின் நினைவில் உறைந்து நின்ற கிரேக்கம் இது. ஊரில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் அந்நியமாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை.

விண்டெக்ஸ் என்றால் என்ன?

கண்ணாடி துடைக்கும் நீல நிறத் தெளிப்பான். நம் ஊரில் காலின் மாதிரி. சொறியோ பருவோ எதுவானாலும் அதை அடித்தால் சரியாகிவிடும் என்பது கஸ்ஸின் நம்பிக்கை. நமக்குத் தைலம், அவருக்கு விண்டெக்ஸ்.

எல்லாரும் சொல்லும் அந்த கேக் காட்சி என்ன?

இரு வீட்டாரும் முதல்முறை சந்திக்கும் இடம். இயனின் அப்பா, அம்மா இருவர் மட்டும், அமைதியானவர்கள். ஏதோ சின்னச் சந்திப்பு என்று நினைத்து வருகிறார்கள். இறங்கிப் பார்த்தால் முன்வாசல் புல்வெளியில் முழு ஆடு கம்பியில் சுழன்றுகொண்டிருக்கிறது. உறவினர் பட்டாளமே நிற்கிறது. டூலாவுக்கு ஒன்றுவிட்ட சகோதர சகோதரிகள் மட்டும் 27 பேர். அதில் 'நிக்' என்று பெயர் வைத்தவர்களே ஏகப்பட்ட பேர்.

இயனின் அம்மா கையில் ஒரு பண்ட் கேக். நடுவில் ஓட்டையுள்ள வளைய வடிவ கேக் அது. மரியாவிடம் நீட்டுகிறார். மரியாவுக்குப் பெயரே பிடிபடவில்லை. திருப்பித் திருப்பிக் கேட்கிறாள், அவரும் திருப்பித் திருப்பிச் சொல்கிறார். கேக் என்று புரிந்ததும் ஆர்ப்பாட்டமாக நன்றி சொல்லி உள்ளே கொண்டுபோய், தன் ஆட்களிடம் ரகசியமாக, "இந்தக் கேக்கில் ஓட்டை இருக்கிறது" என்கிறாள். பாவம், அவர்களுக்குச் சரியாகச் சுடத் தெரியவில்லை என்று இரக்கம். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கேக் மறுபடி வருகிறது. ஓட்டையில் ஒரு பூந்தொட்டி. சம்பந்தியின் குறையைச் சரிசெய்துவிட்ட பெருமிதம் மரியாவின் முகத்தில். இயனின் அம்மா வாயே திறக்கவில்லை.

இதில் யாரும் யாரையும் அவமானப்படுத்தவில்லை. இரண்டு பேருமே மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறார்கள். அதனால்தான் சிரிப்பு இவ்வளவு வலுவாக இருக்கிறது. என் சித்திக்கு ஆங்கிலம் வராது. இந்தக் காட்சியில் தொட்டி வந்ததும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் பெண் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டுச் சீர்த்தட்டில் என்ன நடந்தது என்பதை இங்கே எழுதினால் வீட்டில் சோறு கிடைக்காது.

"நாம் எல்லாரும் பழங்கள்தான்" என்ற வசனம் எங்கே வருகிறது?

கல்யாண வரவேற்பில், கஸ்ஸின் பேச்சு. மில்லர் என்ற பெயர் கிரேக்க 'மீலோ'விலிருந்து வந்தது, அதாவது ஆப்பிள் என்கிறார். பழையபடி வேர் ஆராய்ச்சிதான். தங்கள் குடும்பப் பெயர் போர்ட்டோகலோஸ், 'போர்ட்டோகாலி' என்றால் ஆரஞ்சு. ஆக ஒரு பக்கம் ஆப்பிள், ஒரு பக்கம் ஆரஞ்சு, கடைசியில் எல்லாம் பழம்தானே என்று முடிக்கிறார். படம் முழுக்க எரிச்சலூட்டிய அதே கிறுக்கை வைத்தே மனிதர் சமாதானம் சொல்கிறார் பாருங்கள், திரைக்கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

விருது எதுவும் கிடைத்ததா?

ஆஸ்கரில் அசல் திரைக்கதைப் பிரிவில் நியா பரிந்துரைக்கப்பட்டார். அந்த ஆண்டு அது ஸ்பெயின் இயக்குநர் பெட்ரோ அல்மோடோவருக்குப் போனது. கோல்டன் குளோபில் படத்துக்கும் நடிகைக்கும் பரிந்துரை. சுயாதீனப் படங்களுக்கான ஸ்பிரிட் விருதுகளில் சிறந்த அறிமுக நடிப்புக்கான பரிசு நியாவுக்குக் கிடைத்தது. பரிசு வாங்கியபோது அவருக்கு நாற்பது வயது.

இவ்வளவு வசூல் என்றால் எல்லாரும் கோடீஸ்வரர்கள் ஆகியிருப்பார்களே?

அப்படி நேராகக் கணக்குப் போட முடியாது. டிக்கெட் பணத்தில் சுமார் பாதி தியேட்டர்களுக்கே போய்விடும். மீதியில் விநியோகஸ்தரின் பங்கு, பிரின்ட், விளம்பரச் செலவு எல்லாம் கழியும். அதற்கப்புறம் மிஞ்சுவதைத்தான் 'லாபம்' என்பார்கள். சின்னப் படங்களில் நடிகர்களுக்குச் சம்பளத்தைக் குறைத்து, லாபத்தில் பங்கு தருவதாக ஒப்பந்தம் போடுவது வழக்கம். ஆனால் அந்த லாபம் எது என்று தீர்மானிப்பது கணக்கு எழுதுகிறவர். முக்கிய நடிகர்கள் பலர் தங்கள் பங்கு சரியாக வரவில்லை என்று வழக்குப் போட்டார்கள். 2007இல் ஹாங்க்ஸ் தரப்பே கோல்ட் சர்க்கிள் மீது வழக்குத் தொடர்ந்தது. ஹாங்க்ஸுக்கே இந்த நிலை என்றால் துணை நடிகரைப் பற்றிச் சொல்லவா வேண்டும்.

இதை வைத்து டி.வி. தொடர் வந்ததா?

வந்தது, போனது. 'மை பிக் ஃபேட் கிரீக் லைஃப்' என்று சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 2003 பிப்ரவரியில் தொடங்கி ஏழே அத்தியாயத்தில் நின்றது. குடும்பத்தில் பெரும்பாலோர் வந்தார்கள், ஜான் கார்பெட் வரவில்லை. மாப்பிள்ளைக்கு வேறு ஆள், வேறு பெயர். கல்யாணம் முடிந்த வீட்டில் பந்தல் பிரித்தபின் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

இரண்டாம், மூன்றாம் பாகங்கள் பார்க்கலாமா?

இரண்டாம் பாகம் 2016 மார்ச் 25 அன்று, கிரேக்க சுதந்திர தினத்தன்று வந்தது. செலவு 1.8 கோடி டாலர், வசூல் உலக அளவில் சுமார் 9 கோடி. கஸ்ஸுக்கும் மரியாவுக்கும் நடந்த கல்யாணமே செல்லாது என்று தெரியவந்து, மறுபடி நடத்துகிறார்கள். நல்ல யோசனை, எழுத்து சோம்பல். மூன்றாவது 2023இல், நியாவே இயக்கி, கிரேக்கத்தில் எடுத்தது. மைக்கேல் கான்ஸ்டன்டைன் 2021இல் இறந்துவிட்டார். கஸ் இல்லாத குடும்பம் அவருடைய சொந்த ஊருக்குப் போகிறது. நாற்காலி ஒன்று காலியாகவே இருக்கிற உணர்வு படம் முழுக்க. முதல் பாகம் போதும் என்பது என் கட்சி. அப்படியும் ஆசை விடவில்லை என்றால் மூன்றாவதைக் கடற்கரைக்காகப் பாருங்கள்.

இதைத் தமிழில் எடுத்தால் ஓடுமா?

எடுக்க வேண்டியதே இல்லை, நம்மிடம் கூட்டுக் குடும்பக் கல்யாணப் படங்களுக்கா பஞ்சம்? ஆனால் நம்மவர்கள் எடுத்தால் மாப்பிள்ளையின் சாதியையும் மதத்தையும் சொல்லாமல் நழுவிவிடுவார்கள், 'பெரிய குடும்பம்' என்று பொதுவாக வைத்துக்கொள்வார்கள். நியா எதற்கு மறுத்தாரோ அதே மாற்றம். இன்னார் வீடு, இன்ன சாப்பாடு, இன்ன சாமி, இன்ன வழக்கு என்று பெயர் சொல்லித் துணிந்து எழுத ஒரு ஆள் வந்தால் அப்போது பேசலாம்.

வீட்டில் குழந்தைகளோடு பார்க்கலாமா?

பார்க்கலாம். அமெரிக்காவில் பெற்றோர் வழிகாட்டுதலுடன் பார்க்கும் தரம்தான் கொடுத்தார்கள். மச்சான்கள் மாப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் கிரேக்க வாக்கியத்துக்கு ஆங்கிலத் துணையெழுத்து வரும். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் அந்த நேரத்தில் தண்ணீர் எடுத்து வரச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.